சகுராவை ஏன் இவ்வளவு பேர் வெறுத்தார்கள்? கிஷிமோட்டோவின் நோக்கமும் வாசகர்களின் தீர்ப்பும்

கேள்வி சுருக்கமாக இதுதான்: நிஞ்ஜாக்களின் கதையான நருட்டோ என்ற மங்காவின், அதாவது ஜப்பானியச் சித்திரக்கதையின், சகுராவை ஒரு நாயகியாக நினைத்து உருவாக்கவில்லை என்று அதைப் படைத்த மாசாஷி கிஷிமோட்டோவே சொல்லியிருக்கிறார். அவளை இவ்வளவு பேர் வெறுத்ததற்கு அந்த நோக்கம்தான் காரணமா? அவர் மனதில் இருந்தது தெரிந்தபிறகு நாம் அவளைப் பார்க்கும் விதம் மாற வேண்டுமா?

நோக்கம் ஒரு காரணம்தான், ஆனால் பலர் நினைக்கிற வழியில் அல்ல. கிஷிமோட்டோ பெண்களைப் பற்றி என்ன நினைத்தார் என்பதை விட, சகுராவுக்கு எத்தனை பக்கம் கொடுத்தார், எந்தச் சண்டையை அவள் கையில் முடிக்கவிட்டார், எதை அவள் கையிலிருந்து பிடுங்கினார் என்பதுதான் வாசகனிடம் போய்ச் சேர்ந்தது. பேட்டி எல்லாம் அப்புறம் வந்தது. பதினைந்து வருடம் வாரா வாரம் படித்தவர்களுக்குத் தீர்ப்பு அதற்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது.

முதலில் அவர் நோக்கம் என்னவாக இருந்தது என்று பார்ப்போம். 1997-ல் வெளிவந்த நருட்டோ முன்னோட்டச் சிறுகதையில் சகுராவே கிடையாது. 1999 செப்டம்பரில் வீக்லி ஷோனென் ஜம்ப் இதழில் தொடர் தொடங்கியபோது மூன்று பேர் கொண்ட ஒரு குழு தேவைப்பட்டது. சாஸ்கே எதிராளி, நருட்டோ நாயகன், மூன்றாவது இடத்தில் ஒரு பெண். பெண் நாயகிகளை வரைவது தனக்குச் சரியாக வராது என்று கிஷிமோட்டோ ஒளிக்காமல் ஒத்துக்கொண்டிருக்கிறார். அதனால் எல்லாருக்கும் பிடிக்கிற மாதிரி ஒரு பெண்ணை வரைவதை விட்டுவிட்டு, நிஜத்தில் இருக்கிற ஒரு பன்னிரண்டு வயதுப் பெண்ணை, கொஞ்சம் சுயநலம், கொஞ்சம் அசட்டுத்தனம், பொங்கி வரும் கோபம், வெளியே ஒன்று உள்ளே ஒன்று என்று வரைந்தார். ஆரம்பத்தில் அவள் அவ்வளவு அழகாக இல்லை என்று அவரோடு வேலை செய்தவர்களே நினைத்தார்கள்.

இது கெட்ட நோக்கம் இல்லை. நல்ல நோக்கம் என்றே சொல்வேன். பையன்களுக்கான ஷோனென் மங்காவில் பெண் என்றால் பெரும்பாலும் நாயகனைப் பார்த்து முகம் சிவக்கிறவளாகவோ அவனை அடித்துத் துவைக்கிறவளாகவோ இருந்த காலம் அது. அப்போது மனசுக்குள் இன்னொரு சகுராவை வைத்து, வெளியே சிரித்துக்கொண்டு உள்ளே கத்துகிற பெண்ணாக அவளைக் காட்டியது புதுசு. அந்த உள்சகுரா வெறும் சிரிப்புக்கு மட்டும் இல்லை. நிஞ்ஜாக்களின் பதவி உயர்வுக்கான சூனின் தேர்வில் அவள் தோழியும் போட்டியாளருமான இனோ தன் மனமாற்ற வித்தையால் சகுராவின் உடலுக்குள் புகுந்து அவள் வாயாலேயே தோல்வியை ஒப்புக்கொள்ள வைக்கப் பார்க்கும்போது, உள்ளே இருந்த அந்த இரண்டாவது சகுராதான் இனோவை வெளியே தள்ளுகிறாள். நகைச்சுவைக்கு என்று வைத்ததை ஒரு ஆயுதமாக மாற்றிய அருமையான இடம். இரண்டாம் பாகத்தில் இந்த உள்சகுரா கிட்டத்தட்ட காணாமலே போய்விடுகிறாள். எனக்கு இன்றைக்கும் அது ஒரு பெரிய இழப்பாகத்தான் தெரிகிறது.

இப்போது மூன்றாம் அத்தியாயத்துக்கு வருவோம். சகுராவைப் பற்றிய வாசகர் கருத்தில் பெரும்பகுதி அங்கேயே விதைக்கப்பட்டது. நருட்டோ சாஸ்கேயாக உருமாறி வந்து அவள் பக்கத்தில் உட்கார்கிறான். அவளுடைய அகலமான நெற்றி அழகாக இருக்கிறது, முத்தமிடத் தோன்றுகிறது என்கிறான். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம் நிஜமான சாஸ்கே வருகிறான். அவனிடம் நல்ல பெயர் வாங்க நினைத்து அவள் நருட்டோவைத் திட்டுகிறாள்: பெற்றோர் இல்லாமல் வளர்ந்தவன், கண்டிக்க ஆளில்லை, அதனால்தான் அப்படி இருக்கிறான் என்கிறாள். சாஸ்கேயும் அநாதை. தனிமை என்றால் என்ன என்று உனக்குத் தெரியுமா என்கிற மாதிரி முகத்தை இறுக்கிக்கொண்டு, நீ எரிச்சலூட்டுகிறாய் என்று சொல்லிவிட்டுப் போகிறான்.

எழுத்தாளராக யோசித்தால் இது மிகச் சரியான காட்சி. அவளுடைய குறையைக் காட்டி, அது குறை என்று அவளுக்கே புரியவைத்து, இனி நருட்டோவிடம் கொஞ்சம் நல்லபடியாக நடக்கணும் என்று அவளையே நினைக்கவும் வைத்துவிடுகிறார். வளர்ச்சிக்கு ஒரு தொடக்கப்புள்ளி வைத்தாயிற்று. ஆனால் வாசகன் அப்போது யார் பக்கம் நிற்கிறான்? முதல் அத்தியாயத்தில் ஊஞ்சலில் தனியாக உட்கார்ந்திருந்த நருட்டோவுக்காக ஏற்கெனவே மனம் இளகிப்போனவன் அவன். அந்தப் பையனைப் பற்றி இப்படிப் பேசிய பெண்ணை மன்னிக்க அவனுக்கு நிறைய காரணம் வேண்டும். அந்தக் காரணங்களைக் கொடுக்க கிஷிமோட்டோ ரொம்ப நாள் எடுத்துக்கொண்டார். நோக்கத்துக்கும் வரவேற்புக்கும் நடுவே முதலில் விழுந்த விரிசல் இதுதான். அவர் ஒரு தொடக்கத்தை எழுதினார், வாசகன் அதை அவள் குணமாகவே எடுத்துக்கொண்டான்.

வாரப் பத்திரிகை நடக்கிற விதத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஜம்ப் இதழில் ஒரு தொடருக்கு வாரத்துக்கு ஏறக்குறைய இருபது பக்கம். ஒவ்வொரு இதழிலும் வாசகர் அட்டை இருக்கும், பிடித்த தொடர்களைக் குறித்து அனுப்புவார்கள். கீழே போகிற தொடர் நிறுத்தப்படும். இந்த நெருக்கடியில் இருபது பக்கத்தை யாருக்குக் கொடுப்பது என்பது ஒவ்வொரு வாரமும் எடுக்க வேண்டிய முடிவு. நருட்டோவும் சாஸ்கேயும் கதையின் அச்சு. அவர்களுக்கு வெட்டிக் கொடுத்தபிறகு மிச்சம் இருப்பதுதான் சகுராவுக்கு. பெண்களைத் தாழ்வாக நினைத்து அவளை ஒதுக்கினார் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அவருடைய ஆசை முழுக்க இரண்டு பையன்களின் உறவில் இருந்தது. சகுராவுக்கு என்று தனியாக ஒரு கேள்வியை அவர் கதைக்குள் வைக்கவில்லை. நருட்டோவுக்கு ஊர்த் தலைவனான ஹோகாகே ஆகணும், சாஸ்கேக்கு அண்ணனைப் பழிவாங்கணும். சகுராவுக்கு? இந்த இருவரோடும் சேர்ந்து நடக்கணும், அவ்வளவுதான். வேறொருவரின் ஆசையைச் சார்ந்தே இருக்கிற ஆசையை வைத்து எழுநூறு அத்தியாயம் ஒரு பாத்திரத்தை நடத்துவது கடினம்.

இதை ஒரு காட்சியில் தெளிவாகப் பார்க்கலாம். அதே சூனின் தேர்வில், மரண வனத்தில் நருட்டோவும் சாஸ்கேயும் மயங்கிக் கிடக்கிறார்கள். ஒலி நாட்டிலிருந்து வந்த மூன்று பேர் சூழ்ந்து நிற்கிறார்கள். கின் என்ற பெண் சகுராவின் நீளமான முடியைப் பிடித்து இழுத்து, இதை வளர்க்கிற நேரத்தில் பயிற்சி செய்திருக்கலாம் என்று ஏளனம் செய்கிறாள். அந்த முடி சாஸ்கேக்கு நீள முடி பிடிக்கும் என்று கேள்விப்பட்டு வளர்த்தது. எப்போதும் இவர்கள் இருவரின் முதுகையே பார்த்துக்கொண்டு நடந்தேன், இனி என் முதுகை நீங்கள் பாருங்கள் என்று நினைத்தபடி, சகுரா குனை என்ற சிறு கத்தியால் தன் முடியைத் தானே அறுத்துக்கொண்டு விடுபடுகிறாள். வெட்டுப்பட்ட முடி காற்றில் சிதறுகிற அந்தக் கட்டம் முழுத் தொடரிலும் கிஷிமோட்டோ வரைந்த சிறந்த கட்டங்களில் ஒன்று. அடுத்து அவள் உண்மையிலேயே சண்டை போடுகிறாள். எதிரியின் கையைக் கடித்துத் தொங்குகிறாள், முகம் வீங்க அடி வாங்குகிறாள், விடவில்லை.

ஆனால் அந்தச் சண்டையை முடித்தது யார்? இனோவின் குழு வந்து நடுவில் நிற்கிறது. அப்புறம் உடம்பில் பதிந்து சக்தி தரும் சாபக் குறியோடு சாஸ்கே எழுந்து எதிரியின் இரண்டு கையையும் உடைக்கிறான். அந்த அத்தியாயத்தை மூடிவைக்கும்போது வாசகன் மனதில் நிற்பது சாஸ்கேயின் உடம்பில் பரவிய கறுப்புக் குறி. சகுராவின் வெட்டிய முடி ஒரு முன்னுரை ஆகிவிட்டது. என் முதுகைப் பாருங்கள் என்று சொன்னவளின் முதுகைப் பார்க்க அந்த இருவரில் ஒருவனும் அப்போது விழித்திருக்கவில்லை. நோக்கம் அங்கே இருக்கிறது, வரைந்த கையிலும் இருக்கிறது. பலன் மட்டும் அவளுக்கு வரவில்லை. சண்டையின் முடிவை வைத்தே மதிப்பு போடுகிற ஒரு வகை மங்காவில், முடிவு கையில் இல்லாதவள் பயனற்றவள் என்ற பெயரைத்தான் வாங்குவாள். வாங்கினாள்.

இதே மாதிரி இன்னொன்று. அலைகள் நாட்டில் மரமேறும் பயிற்சி. மூவரில் முதல் முயற்சியிலேயே உச்சிக்குப் போனவள் சகுரா. சக்ராவை, அதாவது வித்தைகளுக்கான உடல் சக்தியை, அளந்து பயன்படுத்துவதில் அவள்தான் கெட்டிக்காரி என்று அங்கேயே நிறுவிவிடுகிறார். சரி, அதற்குப் பிறகு? அவள் கற்றுக்கொண்டு முடித்துவிட்டதால் கதைக்கு அவளிடம் வேலை இல்லை. விழுந்து விழுந்து ஏறுகிற பையன்களின் மேல்தான் பக்கங்கள் ஓடுகின்றன. திறமை இருந்ததாலேயே அவள் கதையிலிருந்து வெளியே போகிறாள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

இரண்டாம் பாகத்தில் இதைச் சரிசெய்ய அவர் முயன்றார் என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டரை வருடம் மருத்துவ நிஞ்ஜாவான சுனாடேவிடம் பயின்று வந்த சகுரா, நட்பு ஊரின் நிஞ்ஜாவான கான்குரோவின் உடலிலிருந்து விஷத்தைப் பிரித்தெடுக்கிறாள், மாற்றுமருந்து தயாரிக்கிறாள், பாட்டி சியோவோடு சேர்ந்து சாசோரியை வீழ்த்துகிறாள். அகாட்சுகி என்ற எதிரிக் கூட்டத்தில் முதலில் விழுந்தவன் அவன். பல அத்தியாயங்கள் நீண்ட அந்தச் சண்டை, அவளுக்கு முழுதாகக் கிடைத்த ஒரே பெரிய சண்டை என்று சொன்னால் மிகையில்லை. அந்தக் காலத்தில் அவளைப் பற்றிய பேச்சே மாறியது. பக்கம் கொடுத்தால் வாசகன் மனம் மாறுவான் என்பதற்கு அதுவே சாட்சி. பிறகு அந்த அளவுக்கு இடம் மறுபடி கிடைக்கவில்லை.

இதற்கு மேல் நடந்ததெல்லாம் காதலைச் சுற்றியது. பெரும்பாலான சண்டைகள் நடப்பதும் இங்கேதான். 437-ஆம் அத்தியாயத்தில் ஹினாட்டா என்ற இன்னொரு நிஞ்ஜாப் பெண், தோற்றுவிடுவோம் என்று தெரிந்தே பெயின் என்ற எதிரியின் முன்னால் போய் நின்று, நருட்டோவை நேசிப்பதாகச் சொல்கிறாள். தொடர் முழுவதும் ஹினாட்டா வந்துபோன பக்கங்கள் சகுராவோடு ஒப்பிட்டால் குறைவு. ஆனால் அந்த ஒரு அத்தியாயத்தில் அவளுக்கு என்ன வேண்டும் என்பதும், அதற்காக எதைக் கொடுப்பாள் என்பதும் சந்தேகமில்லாமல் தெரிந்துவிட்டது. சொன்னாள், செய்தாள், அடிபட்டு விழுந்தாள். அதற்குள் வேறொருவரின் நோக்கம் கலக்கவில்லை.

469-ஆம் அத்தியாயத்தில் சகுரா நருட்டோவிடம் தன் காதலைச் சொல்வது இதற்கு நேரெதிர். இரும்பு நாட்டின் பனியில், ஊர்த் தோழர்கள் சுற்றி நிற்க, உன்னை நேசிக்கிறேன், சாஸ்கேயை மறந்துவிட்டேன் என்கிறாள். நருட்டோவுக்கு அது பொய் என்று தெரிகிறது. தனக்குத்தானே பொய் சொல்லிக்கொள்கிறவர்களைப் பிடிக்காது என்கிறான். ஊரை விட்டுப் போய் எதிரியாகிவிட்ட சாஸ்கேயைத் திரும்பக் கொண்டுவருகிறேன் என்று அவளுக்குக் கொடுத்த வாக்கு நருட்டோவை நசுக்குகிறது, அந்தச் சுமையை எப்படியாவது இறக்கிவைக்க வேண்டும் என்பதுதான் அவள் எண்ணம். அதற்குப் பிறகு கூட வந்தவர்களை மயக்கிப் படுக்கவைத்துவிட்டு, சாஸ்கேயைத் தன் கையாலேயே கொல்லத் தனியாகப் போகிறாள். தான் அழுது கேட்டதால்தான் நருட்டோ இந்தப் பாரத்தைச் சுமக்கிறான், நானே முடித்துவைக்கிறேன் என்கிற முடிவு. தொடரிலேயே அவள் எடுத்த மிகத் துணிச்சலான முடிவு இது என்பேன்.

அங்கே போய் என்ன ஆகிறது? விஷம் தடவிய குனையோடு சாஸ்கேயின் முதுகுக்குப் பின்னால் வந்துவிடுகிறாள். குத்த முடியவில்லை. கை நின்றுவிடுகிறது. அவன் திரும்பிக் கழுத்தைப் பிடிக்கிறான். நருட்டோ வந்து காப்பாற்றுகிறான். பல வாசகர்கள் அந்தக் கணத்தில் அவளைக் கைவிட்டார்கள். நருட்டோவிடம் பொய் சொன்னாள், சாஸ்கேயைக் கொல்லவும் முடியவில்லை, மறுபடி காப்பாற்றப்பட்டாள் என்று மூன்று குற்றச்சாட்டு. நேசித்தவனைக் கொல்ல முடியாமல் கை நிற்பது மனித இயல்பு, கிஷிமோட்டோ எழுத நினைத்த நிஜமான பெண் அப்படித்தான் நடந்துகொள்வாள். நான் அந்தத் தயக்கத்தைக் குறையாகவே பார்க்கவில்லை. குறை, அந்தத் தயக்கத்துக்குப் பிறகு அவள் மனதுக்குள் கதை போகவே இல்லை என்பதில் இருக்கிறது. அடுத்த பக்கங்கள் நருட்டோவும் சாஸ்கேயும் முட்டி மோதி, ஒருவர் மனதை ஒருவர் புரிந்துகொள்வதற்குப் போய்விடுகின்றன. அவள் என்ன முடிவுக்கு வந்தாள்? இன்னும் நேசிக்கிறாளா, ஏன்? இரண்டே பக்கம் அவளுக்கு ஒதுக்கியிருந்தால் போதும்.

2014 நவம்பர் 10-ல் 699, 700 இரண்டு அத்தியாயமும் ஒன்றாக வந்து தொடர் முடிந்தது. நருட்டோவுக்கு ஹினாட்டா, சாஸ்கேக்கு சகுரா. அதற்கு அடுத்த மாதம் தி லாஸ்ட் என்ற திரைப்படம் வந்தது, கதை கிஷிமோட்டோவுடையது. நருட்டோ ஹினாட்டா ஜோடியைத் தொடரின் நடுவிலேயே முடிவுசெய்துவிட்டதாக அவர் பின்னர் சொன்னார். வருடக்கணக்கில் நருட்டோவையும் சகுராவையும் சேர்த்து நினைத்தவர்களுக்கு இது ஏமாற்றிய மாதிரி இருந்தது. படத்திலேயே ஒரு இடத்தில் சகுரா ஹினாட்டாவிடம் சொல்கிறாள்: நருட்டோ என்னை விரும்பியது சாஸ்கேயிடம் தோற்கக்கூடாது என்பதற்காகத்தான் என்று. ஆசிரியரின் பின்விளக்கத்தை அவள் வாயிலேயே வைத்துவிட்டார்கள். எனக்கு இது ஒப்பவில்லை. மூன்றாம் அத்தியாயத்தில், வேறொருவன் முகத்தைப் போட்டுக்கொண்டுதான் என்றாலும், அவளுடைய நெற்றியைப் பற்றி நருட்டோ பேசிய அந்த வார்த்தைகளை எந்தப் பின்விளக்கத்தாலும் அழிக்க முடியாது. அச்சில் வந்தது வந்ததுதான். பின்னால் சொல்லும் நோக்கத்துக்கு முன்னால் வரைந்த பக்கத்தைத் திருத்தும் அதிகாரம் இல்லை என்றே நான் நினைக்கிறேன்.

அந்த நெற்றியிலேயே இன்னும் கொஞ்சம் நிற்கிறேன். சகுராவுக்காக கிஷிமோட்டோ உண்மையிலேயே அக்கறையோடு கட்டிய ஒன்று அது, அதிகம் பேசப்படாததும்கூட. சின்ன வயதில் அகல நெற்றி என்று மற்ற பெண்கள் கேலி செய்ய, முடியை முன்னால் இழுத்துவிட்டு மறைத்துக்கொண்டு அழுகிற குழந்தை அவள். மறைக்காதே என்று சொல்லி இனோ ஒரு ரிப்பன் கட்டிவிடுகிறாள். பிறகு இருவரும் சாஸ்கேக்காகப் போட்டியாளர்கள் ஆகும்போது அந்த ரிப்பனைத் திருப்பிக் கொடுக்கிறாள். ஊர்ச் சின்னம் பொறித்த பட்டையை அதுவரை தலைமுடிப் பட்டையாக அணிந்தவள், இனோவுடன் சண்டை போடும் நாளில் அவிழ்த்து நெற்றியில் கட்டுகிறாள். இனோவும் இடுப்பிலிருந்து அவிழ்த்து நெற்றியில் கட்டுகிறாள். மகளிர் இருவரும் ஒருவரையொருவர் நிஞ்ஜாவாக மதிக்கத் தொடங்கும் கணம் அது, ஒரு வசனமும் தேவைப்படவில்லை. நான்காவது நிஞ்ஜா போரில், மூன்று வருடம் சேர்த்துவைத்த சக்ரா அதே நெற்றியில் ஒரு வைர வடிவக் குறியாக விரிகிறது. கடைசியில் 699-ஆம் அத்தியாயத்தில் ஊரை விட்டுக் கிளம்பும் சாஸ்கே, தன் அண்ணன் இடாச்சி தன்னிடம் செய்த மாதிரியே, அவள் நெற்றியை இரண்டு விரலால் தொட்டுவிட்டுப் போகிறான். கேலியில் தொடங்கிய நெற்றிக்குத் தொடர் முழுக்க ஒரு வரலாறு இருக்கிறது. நாயகியாக நினைக்காத ஒருத்திக்கு யாரும் இப்படி ஒரு வரலாற்றை வரைந்துகொண்டிருக்க மாட்டார்கள்.

அதனால்தான் அந்தப் பேட்டி வரியை மட்டும் வைத்து, பாருங்கள் அவரே சொல்லிவிட்டார் என்று முடிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஓர் ஆசிரியருக்கு ஒரே நோக்கம் இருப்பதில்லை. தொடங்கும்போது ஒன்று, வாரக்கெடுவின் முன்னால் ஒன்று, வரைகிற கையில் ஒன்று, முடித்தபிறகு நினைத்துப்பார்த்துச் சொல்வது இன்னொன்று. கிஷிமோட்டோவின் கை சகுராவை நேசித்தது. அவருடைய கதைத்திட்டம்தான் அவளுக்கு இடம் விடவில்லை.

நோக்கம் அப்படியே தலைகீழாகப் போன ஒரு பழைய உதாரணமும் உண்டு. அதே ஷூயெய்ஷா பதிப்பகத்தின் வீக்லி மார்கரெட் இதழில் 1972-ல் ரியோகோ இகேடா வெர்சாயின் ரோஜா என்ற தொடரைத் தொடங்கினார். அப்போது அவருக்கு 24 வயது. அவருடைய நாயகி பிரெஞ்சு அரசி மரி அன்ட்வானெட். ஸ்டெஃபான் ஸ்வைக் எழுதிய வாழ்க்கை வரலாற்றைப் பள்ளிக்காலத்தில் படித்துவிட்டு மனதில் வைத்திருந்த பெண் அவள். அரசியின் மெய்க்காவல் படைக்கு ஒரு தளபதி வேண்டும். ஓர் ஆண் படைவீரனின் மனதைத் தன்னால் சரியாக எழுத முடியாது என்று தோன்றியதால், ஆண்பிள்ளையாக வளர்க்கப்பட்ட ஒரு பெண்ணை அந்த இடத்தில் வைத்தார். அவள்தான் ஆஸ்கார். துணைப்பாத்திரமாக வந்தவள், வாசகிகளின் ஆதரவால் கொஞ்சம் கொஞ்சமாக அரசியை ஓரமாக நகர்த்தினாள்.

இகேடா அதை எதிர்த்து நிற்கவில்லை. ஆஸ்காருக்குக் கேள்விகள் கொடுத்தார்: எந்த வர்க்கத்துக்காக வாளேந்துகிறோம், பெண்ணாக வாழ்ந்திருந்தால் என்ன, காதலிக்க எனக்கு உரிமை உண்டா. மெய்க்காவல் படையை விட்டு சாதாரணப் படைவீரர்களின் நடுவே போகும் முடிவு அவளுடையது. மக்கள் பக்கம் சேர்ந்து பாஸ்டீ சிறைக்கோட்டையைத் தாக்கும் முடிவும் அவளுடையதே, அங்கேயே சாகிறாள். அவள் செத்தபிறகு தொடரைச் சீக்கிரம் முடிக்கும்படி பதிப்பாசிரியர்கள் கேட்டுக்கொண்டதாக இகேடா பின்னாளில் சொன்னார். அவர் முதலில் எழுத வந்த அரசியின் கடைசிக் காலம் அவசரமாக முடிய நேர்ந்தது அதனால்தான்.

கிஷிமோட்டோவும் இகேடாவும் பாத்திரத்தை உருவாக்கிய விதத்தில் ஒரு வியப்பான ஒற்றுமை இருக்கிறது. இருவருமே தம்மால் எழுத முடியாது என்று நினைத்த ஒன்றைச் சுற்றிக்கொண்டு போக ஒரு பெண்ணை வரைந்தார்கள். அவருக்கு இலட்சிய நாயகி வராது, இவருக்கு ஆண் வீரன் வராது. வித்தியாசம் அதற்கப்புறம் நடந்ததில். வாசகர் காட்டிய பக்கம் இகேடா போனார். கிஷிமோட்டோ தன் அச்சை விடவில்லை. அவர் செய்தது தப்பு என்று சொல்லவில்லை. நருட்டோவும் சாஸ்கேயும் இல்லாமல் அந்தத் தொடரே இல்லை. ஆனால் விலை கொடுத்தது சகுரா.

ஆண் எழுத்தாளர் என்பதால்தான் இப்படி என்று சிலர் முடித்துவிடுவார்கள். அதில் கொஞ்சம் உண்மை இருந்தாலும் அது முழுக் காரணம் இல்லை. ஹிரோமு அரகாவாவின் ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்டில் வரும் வின்ரியைப் பாருங்கள், அவள் சண்டையே போடுவதில்லை. அவள் இயந்திரக் கைகால் செய்யும் தொழில்காரி. நாயகன் எட்வர்டின் இயந்திரக் கை உடைந்தால் அவளில்லாமல் கதை நகராது. ஒரு திருகாணியைப் போட மறந்துவிட்டோமே என்று அவள் பதறுகிற ஒரு சின்னச் சம்பவத்திலேயே அவள் வேலைக்கு இருக்கிற எடை தெரிந்துவிடுகிறது. தன் பெற்றோரைக் கொன்ற ஸ்கார் எதிரே நிற்க, அவள் துப்பாக்கியை நீட்டிவிட்டுச் சுட முடியாமல் நிற்கும் காட்சி, விஷக் குனையோடு நின்ற சகுராவின் காட்சிக்கு அண்ணன் தம்பி மாதிரி. ஆனால் அரகாவா அங்கே விட்டுவிடவில்லை. உன் கை உயிர் கொடுக்கிற கை என்று எட்வர்ட் சொல்கிறான். பல அத்தியாயம் கழித்து, அதே ஸ்காரின் காயத்துக்கு வின்ரி கட்டுப் போடுகிறாள், மன்னிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே. அந்தத் தயக்கத்துக்கு ஒரு தொடர்ச்சி கிடைத்தது. சகுராவும் மருத்துவர்தான். அவளுக்கும் இப்படி ஒரு தொடர்ச்சி எழுதியிருக்கலாம்.

நாம் பார்க்கும் விதம் மாற வேண்டுமா என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மாறத்தான் செய்யும், ஆனால் பேட்டிகளால் அல்ல, மறுவாசிப்பால். அதற்கு ஒரு நல்ல ஆதாரம் இருக்கிறது. உலகம் முழுவதும் வாசகர்கள் வாக்களித்த நருட்டோ பாத்திரத் தேர்வின் முடிவு 2023-ல் வந்தது. முதலிடம் நருட்டோவின் அப்பா மினாட்டோ, இரண்டாவது இடாச்சி, மூன்றாவது சகுரா. நருட்டோவே அவளுக்குப் பின்னால்தான். எல்லாராலும் வெறுக்கப்படுகிற நாயகி என்று வருடக்கணக்கில் சொல்லப்பட்டவளுக்கு இவ்வளவு பேர் இருந்திருக்கிறார்கள். பதின்ம வயதில் பையன்களோடு சேர்ந்து அவளைத் திட்டியவர்களில் பலர், குறிப்பாகப் பெண்கள், வளர்ந்தபிறகு அவளிடம் திரும்பி வந்திருப்பார்கள் என்பது என் ஊகம். பன்னிரண்டு வயதில் தன் நெற்றியையும் முடியையும் பற்றியே நினைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை, முப்பது வயதில் கண்டிக்க மனம் வராது.

படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு யோசனை. மூன்றாம் அத்தியாயம், முடி வெட்டும் அத்தியாயங்கள், ஊரை விட்டுப் போகிற சாஸ்கேயைத் தடுத்து அழும் 181, பொய்க்காதல் சொல்லும் 469, மூவரும் வரிசையாக நிற்கும் 632, கடைசியாக மன்றாடும் 693, அப்புறம் 699 என்று இந்த வரிசையில் படியுங்கள். மூன்றாம் அத்தியாயத்திலும் 181-லும் 693-லும் சாஸ்கே அவளிடம் சொல்வது ஒரே வார்த்தை, எரிச்சலூட்டுகிறாய் என்று. முதல்முறை அது கோபம். இரண்டாவதுமுறை பழைய நினைவை மறைக்கச் சொல்வது, அதோடு ஒரு நன்றியும் கலந்திருக்கிறது. மூன்றாவதுமுறை உறவையே அறுத்துக்கொள்ளும் முயற்சி. அந்த மூன்றையும் சேர்த்துப் படித்தால், அவள் எழுதப்படாமல் விடப்பட்டவள் இல்லை, விட்டு விட்டு எழுதப்பட்டவள் என்று தெரியும்.

2015-ல் கிஷிமோட்டோவே ஒரு குறுந்தொடர் எழுதினார், மையத்தில் சாஸ்கே சகுராவின் மகள் சாராடா. அப்பாவை நேரில் பார்த்த நினைவில்லாத அந்தப் பெண், அம்மா உண்மையிலேயே என் அம்மாதானா, இவர்கள் இருவரும் நேசிக்கிறார்களா என்று கேட்கிறாள். வாசகர்கள் அதுவரை கேட்டுக்கொண்டிருந்த அதே கேள்விகள். எதையும் மழுப்பாமல் ஒரு சிறுமியின் வாயில் அவற்றை வைத்து, கதைக்குள்ளேயே பதில் சொல்ல அவர் உட்கார்ந்தார். அந்த பதில் எல்லாருக்கும் போதுமானதாக இருக்கவில்லை. ஆனால் அவர் அதைப் பேட்டியில் சொல்லாமல் வரைந்தார், அதனால்தான் சகுராவைப் பற்றி அவர் சொன்ன எல்லாவற்றையும் விட எனக்கு அந்தக் குறுந்தொடரின் மேல் நம்பிக்கை அதிகம்.